தரைக்கு அடியில ரெண்டு குடம் தண்ணி

டேய் பேராண்டி,

நீ அனுப்புன எஸ்டிமேட் வந்து சேந்துது. போன்ல எழுத்து எள்ளு எள்ளா இருந்துது, உன் அத்தை மவதான் பெரிசாக்கிப் படிச்சுக் காட்டுனா. பைப்பு ஒரு வரி. பாய்லரு ஒரு வரி. கூலி ஒரு வரி. அடியில ரெண்டு கோடு போட்டு ஒரு தொகை. கேட்டு முடிச்சதும் எனக்கு மனசு நெறைஞ்சு போச்சு. டொராண்டோவா இருந்தா என்ன, நம்ம சேத்தியாத்தோப்பு கடைத்தெருவா இருந்தா என்ன, எஸ்டிமேட் போடுறவன் எல்லா ஊர்லயும் ஒரே ரகந்தான். சுண்டைக்காய் கால் பணம்னு பளிச்சுன்னு எழுதுவான். சுமைகூலி முக்கால் பணத்தை நீயா கண்டுபிடிச்சுக்கணும்.

உங்க பாட்டிகிட்டயும் விஷயத்தைச் சொன்னேன். "உன் பேரன் அந்த மரவேலைக் கொட்டாய்ல இருக்கற தரையைப் பேத்துட்டு, அடியில குழாய் பதிச்சு வெந்நீர் விடப் போறானாம். தரை வெதுவெதுன்னு இருக்குமாம். அதுக்குப் பணம் வேற கொடுப்பானாம்"னேன். கெழவி முறத்தைக் கீழ வச்சுட்டு என் மூஞ்சையே பாத்தா. சித்திரை மாசம் மதியம் ரெண்டு மணிக்கு நம்ம களத்துல செருப்பில்லாம வத்தல் அள்ளுனவ அவ. உள்ளங்காலு பொத்துப்போற தரையை ஓசியில வச்சிருக்கற வளையமாதேவியில பொறந்த பய, தரையைச் சூடாக்கக் காசு கொடுக்கப் போறான்னா அவ என்ன பண்ணுவா? "ஏன், அந்தப் பக்கம் கம்பளி விக்க மாட்டாங்களா?"ன்னு அது ஒண்ணுதான் கேட்டா.

கிண்டல் கெடக்கட்டும். "தாத்தா, நீங்க நெய்வேலி தெர்மல்ல பைப்பு வேலை பாத்தவருதானே, இது சரியான்னு சொல்லுங்க"ன்னு கேட்டிருக்க. அதுல ஒரு திருத்தம். நான் பைப்பு வேலை பாக்கலை. பைப்புக்குச் சட்டை போட்டவன். லேகிங். காண்ட்ராக்டர்கிட்ட கூலிக்குப் போன காலத்துல இருந்து அது ஒண்ணுதான் எனக்குத் தெரிஞ்ச தொழில். கம்பி வலை தைச்ச ராக்வுல் மெத்தையை நீராவிக் குழாய் மேல சுத்தி, ஜி.ஐ. கம்பியால முறுக்கிக் கட்டி, மேல அலுமினியத் தகட்டைப் போத்தி ஸ்குரூ அடிக்கணும். உள்ள 500 டிகிரிக்கு மேல ஆவி ஓடிக்கிட்டு இருக்கும். தகட்டு மேல கையை வச்சா கை தாங்கணும். தாங்குனாத்தான் மேஸ்திரி அளவு எழுதுவாரு. அந்தப் பஞ்சு கழுத்து மடிப்புல ஒட்டுச்சுன்னா ராத்திரி முழுக்க அரிப்பு. உங்க பாட்டி தேங்காண்ணெயைத் தடவிக்கிட்டே, "இன்னைக்கு எத்தனை மீட்டரு?"ன்னு கேப்பா. எனக்குக் கூலி மீட்டருக்குத்தான்.

முப்பது வருசம் அரிச்சதுல ஒண்ணு புரிஞ்சுது. சூட்டை உண்டாக்கறது பெரிய வித்தை இல்லை. நெருப்பு வச்சா சூடு வரும், சின்னப் புள்ளைக்கும் தெரியும். அது போகக் கூடாத பக்கம் போகாம பாத்துக்கறதுக்குத்தான் எங்களை மாதிரி நாலு பேரு அரிச்சுக்கிட்டு நின்னோம். உன் எஸ்டிமேட்டுல அந்த வரியைத் தேடு தேடுன்னு தேடுனேன். காணோம். வெந்நீரை வெறும் மண்ணு மேல படுக்கப் போடப் போறான் உன் ஆளு. மேல வர்ற சூடு உனக்கு, கீழ போறது பூமாதேவிக்கு. அவளுக்குப் போதும்னு சொல்லித் தெரியாது.

உங்க சின்னத் தாத்தன் கோழிக் குஞ்சு எடுத்து வளத்தது ஞாபகம் இருக்கா? நாள் குஞ்சு அட்டைப் பெட்டியில வந்து இறங்கும். தகடு வளைச்சு, மேல பல்பு தொங்க விட்டு, குஞ்சை உள்ள விடுவான். ஆனா பல்புக்கு ஒயர் இழுக்கறதுக்கு முன்னாடி என்ன செய்வான்? தரையில ரெண்டு மூணு அங்குலத்துக்கு உமியைக் கொட்டி நெரவி, மேல காகிதம் விரிப்பான். உமி இல்லாம பல்பை மட்டும் எரிய விட்டா, மேல சுட்டாலும் கீழ தரை சில்லுன்னு இழுக்கும், குஞ்சு ஒண்ணு மேல ஒண்ணு ஏறிச் சாவும். எழுதப் படிக்கத் தெரியாத மனுசன், கரண்டு பில்லு பாக்கறதுக்கு முன்னாடி உமி மூட்டையைக் கணக்குப் பாத்தான். உன் காண்ட்ராக்டர் காலேஜு படிச்சவன் போல இருக்கு.

சரி, பேப்பரை எடு. நான் சொல்லச் சொல்ல எழுது.

கொட்டாய் 30 அடிக்கு 24. அப்ப 720 சதுர அடி. பைப்பை அடிக்கு ஒண்ணா சிக்குக்கோலம் மாதிரி வளைச்சு வளைச்சு விடுவான். போக வரச் சேத்து 750 அடி. அரை அங்குலக் குழாயை ஒரே மூச்சுல 300 அடிக்கு மேல விடக் கூடாது, கடைசி வளைவுக்குப் போறதுக்குள்ள தண்ணி ஆறிப் போவும், பம்பும் திணறும். அதனால 250 அடியில மூணு சுத்து. இந்த மட்டும் அவன் கணக்குல குத்தம் இல்லை. அந்த 750 அடிக் குழாய்ல மொத்தம் எவ்வளவு தண்ணி புடிக்கும்னு உன் அத்தை மவளைக் கணக்குப் போடச் சொன்னேன். 26 லிட்டர்னா. ரெண்டு குடம்டா! இந்த ரெண்டு குடம் தண்ணியச் சுத்திச் சுத்தி விடறதுக்குத்தான் இத்தனை ஆர்ப்பாட்டம். அதையும் வெறுந் தண்ணியா விட்டுடாத. குளிர்ல கரண்டு போயி உறைஞ்சா பைப்போட சிலாப்பும் சேந்து போவும். கிளைக்கால் கலக்கணும், அதுலயும் புரொப்பிலீன் கிளைக்கால். அது ஒரு வரி. உன் பேப்பர்ல இல்லை.

இப்ப உமிக் கணக்கு. உங்க ஊர்ல உமிக்குப் பதிலா கெட்டி நுரைப் பலகை கெடைக்கும். நம்ம தெர்மாகோலுக்குப் பெரியண்ணன், மேல லாரி நின்னாலும் நசுங்காது. 4க்கு 8 பலகை, 2 அங்குல கனம். ஒண்ணு 32 சதுர அடி. தரைக்கு 23 பலகை. அதோட விட்டுடாத. தோசைக்கல்லை அடுப்புல இருந்து எறக்கி வச்சா ஓரந்தான் முதல்ல ஆறும், பாத்திருக்கியா? சிலாப்பும் அப்படித்தான். சுத்து ஓரம் 108 அடி. அதை ஒட்டி 2 அடி ஆழத்துக்குப் பலகை இறக்கணும்னா இன்னும் 7. ஆக 30 பலகை. அதுக்கும் கீழ ஈரம் ஏறாம கெட்டிப் பாலிதீன் ஷீட்டு. இருக்கற தரையை உடைக்கற கூலி, உடைச்ச கட்டியை அள்ளிக்கிட்டுப் போற வண்டி, குழி நெரவி ஜல்லி போட்டுத் திம்சு கட்டறது. இதுல எது ஒண்ணாவது அந்த மூணு வரியில இருக்கா? "கூலி"ங்கற ஒத்தைச் சொல்லுக்குள்ளயே எல்லாத்தையும் சுருட்டி வச்சிருக்கான்னு நெனைக்காத. இல்லாததை எல்லாம் "எக்ஸ்ட்ரா"ன்னு அப்புறம் கொண்டாருவான்.

கீழ என்ன கெடக்குன்னு பாக்காம மேல விலை பேசுனா என்ன ஆவும்னு நம்ம ஊருக்காரனுக்கா சொல்லணும்? 1930கள்ல நெய்வேலியில ஜம்புலிங்க முதலியார் கொல்லையில கிணறு தோண்டையில கருப்பா ஒண்ணு வந்துது. கையில கெடைச்சது கரி. ஆனா எடுக்கணும்னா? 1956ல லிக்னைட்டுக் கம்பெனி வந்துது, 1957ல நேரு வந்து ஆரம்பிச்சு வச்சாரு, லிக்னைட்டு கண்ணுல பட்டது 1961 ஆகஸ்ட்ல. நாலு வருசத்துக்கு மேல வெறும் மண்ணைத்தான் தள்ளுனாங்க. இன்னைக்கும் ஒரு டன்னு கரிக்கு அஞ்சு கன மீட்டருக்கு மேல மண்ணை வாரணும். அதோட முடிஞ்சுதா? கரிக்கு அடியில இருக்கற தண்ணி முக்கிக்கிட்டு மேல தள்ளும். ராப்பகலா பம்பு போட்டு எறைக்கலைன்னா சுரங்கத்தோட தரையே பொத்துக்கும். கரியோட விலையில நல்ல பங்கு கரிக்கு மேலயும் கீழயும் இருக்கறதுக்குப் போற செலவு. உன் கொட்டாய்க்கு அடியில தண்ணி எத்தனை அடியிலன்னு பாரு. ஈர மண்ணு சூட்டை உறிஞ்சற மாதிரி காஞ்ச மண்ணு உறிஞ்சாது.

எஸ்டிமேட்டுல வராத வரின்னா நம்ம ஊருக்கு இன்னொண்ணும் தெரியும். 2023 ஜூலையில, பயிரு நின்னுக்கிட்டு இருந்த வயல்ல பரவனாத்து மாத்துக் கால்வாய்க்குச் சுரங்கக் கம்பெனி எந்திரத்தை இறக்குனதை நாடே டிவியில பாத்துது. அப்புறம் கோர்ட்டுக்குப் போயி, அழிஞ்ச பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபான்னு கணக்காச்சு. நெல்லுக்கு ஒரு வரி கெடைச்சுது, சரி. அறுப்புக்கு வர்ற பொம்பளைங்களுக்கு எந்த வரி? அறுத்த வயல்ல மேய வர்ற வாத்துக்காரனுக்கு எந்த வரி? அந்தப் பேப்பரைப் போட்டவங்களும் காலேஜு படிச்சவங்கதான். நான் எதுவும் சொல்லலைப்பா.

உன் தரைக்கு வா. சிலாப்பு 6 அங்குலம்னு கூலி வரிக்குள்ள எழுதியிருக்கான். மெசின் கனமாச்சே, வேணும். 360 கன அடி, அதாவது 10 கன மீட்டர் காங்கிரீட்டு. எடை 24 டன்னுக்கு மேல. ரெண்டு லாரிக் கரும்பைத் தரையில அடுக்கிட்டு அதைச் சூடேத்தணும்னு நெனைச்சுக்க. ஒரு டிகிரி ஏத்த 6 யூனிட்டு கரண்டு. 5 டிகிரியில கெடக்கற தரையை 25க்குக் கொண்டாறணும்னா 120 யூனிட்டு. 7 கிலோவாட்டு பாய்லரு வச்சா சிலாப்புக்கு மட்டுமே 17 மணி நேரம், சந்துல போற சூட்டைக் கணக்குல சேக்காம. காலையில எழுந்து பட்டனைத் தட்டிட்டு, காப்பி குடிச்சுட்டு உளி எடுக்கலாம்னு கனவு கண்டியா?

உனக்கு லெக்கோ தெரியாது. உங்கம்மாவுக்குத் தெரியும். லிக்னைட்டை அமுக்கிக் கட்டியாக்கிச் சுட்டது, நெய்வேலியில பண்ணி ஊர் ஊரா வித்தாங்க. டீக்கடை அடுப்பெல்லாம் அதுதான். பத்த வைக்கறதுக்குள்ள உசுரு போவும். சிராய் வச்சு, மண்ணெண்ணெய் ஊத்தி, விசிறி கை ஓஞ்சு, பாட்டி என்னை நாலு ஏச்சு ஏசி, அப்புறந்தான் கண்ணு செவக்கும். செவந்துட்டா லேசுல அணையாது. சோறு, கொழம்பு, வெந்நீர் எல்லாம் முடிஞ்ச பின்னாடியும் கனிஞ்சுக்கிட்டே கெடக்கும். அதனால ஒரு டம்ளர் காப்பிக்கு எவனும் லெக்கோ பத்த வைக்க மாட்டான். நாள் முழுக்க அடுப்பு வேணும்னாத்தான் அது. உன் சிலாப்பும் ஒரு லெக்கோ அடுப்புதான்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடிப்புன்னு நெனைச்சுக்காத. உங்க பாட்டியோட தம்பி பட்டாளத்துல இருக்கையில காஷ்மீர்ல பாத்துட்டு வந்து சொன்னான். ஹமாம்னு பேராம். கல்லுப் பாவுன அறை, கல்லுக்கு அடியில வெத்திடம், அங்க வெறகை எரிப்பாங்க. கூடவே செம்பு அண்டாவுல வெந்நீரும் காயும். மேல உக்காந்து ஊர்க்கதை பேசுவாங்களாம். கொரியாக்காரன் அடுப்புப் புகையைத் தரைக்கு அடியில விட்டு வீட்டையே சூடாக்கிக்கிட்டான். ஓண்டோல்ங்கறான். ரோமாபுரியிலயும் தரையைத் தூக்கிக் கட்டி அடியில அனல் விட்டாங்க. எல்லாருக்கும் ஒண்ணு பொது. அடியில வெத்திடம் விட்டாங்க, குழாயைக் கல்லுக்குள்ள புதைக்கலை.

புதைச்சவன் கதையும் இருக்கு. 1947ல நியூயார்க்குப் பக்கம் லெவிட்டவுன்னு ஒரு ஊரைக் கட்ட ஆரம்பிச்சாங்க. 17,000 வீட்டுக்கு மேல. காங்கிரீட்டுத் தரைக்குள்ள செம்புக் குழாயைப் பதிச்சு வெந்நீர் விட்டாங்க. குழந்தைங்க தரையில வெறுங்காலோட தவழ்ந்துதுங்க. சில பத்து வருசம் கழிச்சுக் குழாய் ஒழுக ஆரம்பிச்சுது. எங்க ஒழுவுதுன்னு எப்படித் தெரியும்? தரையை உடைக்கணும். பல பேரு வெறுத்துப் போயி அந்தக் குழாயை அப்படியே சமாதி வச்சுட்டு, சுவத்து ஓரமா வேற ஹீட்டர் மாட்டிக்கிட்டாங்க. இப்ப பெக்ஸுன்னு வர்ற பிளாஸ்டிக்குக் குழாய் துருப் புடிக்காது. ஆனா அதுலயும் ஆக்சிசன் தடுப்புப் பூச்சு உள்ளதுன்னு பாத்து வாங்கு. இல்லாட்டி குழாய்ச் சுவர் வழியாக் காத்து நுழைஞ்சு பம்பையும் பாய்லரையும் துருவாக்கும். ரெண்டுக்கும் விலை வித்தியாசம் கொஞ்சந்தான். அந்தக் கொஞ்சத்தைத்தான் உன் ஆளு மிச்சம் புடிப்பான்.

காங்கிரீட்டு ஊத்தற அன்னைக்கு லீவு போட்டுடு. குழாய்க்குள்ள காத்தடிச்சுக் கேஜு மாட்டி, ஊத்தி முடிக்கற வரைக்கும் ஒருத்தன் அந்த முள்ளையே பாத்துக்கிட்டு நிக்கணும். எவனாவது மம்புட்டியால ஒரு கொத்துக் கொத்திட்டா முள்ளு சாயும். ஈரமா இருக்கையில சாஞ்சா அஞ்சு நிமிச வேலை. மறுநாள் தெரிஞ்சா லெவிட்டவுன். ஊத்தறதுக்கு முன்னாடி, டேப்பை நீட்டி வச்சு மூலைக்கு மூலை படம் புடிச்சு எனக்கும் ஒண்ணு அனுப்பு. ஏன் தெரியுமா? உன்னுது வீடு இல்லை, பட்டறை. நாளைக்கு ஒரு லேத்து வாங்குவ, பேண்ட்சா வாங்குவ, ஆடுதுன்னு தரையில போல்ட்டு அடிக்கப் போவ. டிரில்லுல இருந்து தூசி வரும், தூசி வரும், அப்புறம் பொங்கி வெந்நீர் வரும். எந்த மெசின் எங்க உக்காரும்னு இப்பவே சாக்பீசால கோடு போட்டு, அந்த எடத்துல குழாயை ஒதுக்கிக்கிட்டுப் போகச் சொல்லு.

இன்னும் முக்கியமான கணக்கு ஒண்ணு பாக்கி. அதுக்குக் காண்ட்ராக்டர் வேணாம், ஒரு தெர்மாமீட்டர் போதும். நல்ல குளிர் நாள் பாத்து, கொட்டாய்ல 1,500 வாட்டு ஹீட்டர் ரெண்டை ஒரு நாள் முழுக்க ஓட விடு. ரெண்டுக்கும் தனித்தனி லைன் எடு, ஒரே பிளக்குல மாட்டி ஊரை இருட்டாக்காத. கடைசியில உள்ள எத்தனை, வெளிய எத்தனைன்னு பாரு. உள்ளயும் வெளியயும் 15 டிகிரி வித்தியாசம் நிக்குதுன்னு வச்சுக்க. 3 கிலோவாட்டுக்கு 15. உங்க ஊர்ல வெளிய மைனஸ் 20 அடிக்கற ராத்திரி உள்ள 20 வேணும்னா 40 டிகிரி வித்தியாசம். அதுக்கு 8 கிலோவாட்டு ஆவும். இப்ப தரையைக் கேளு, உன்னால 8 தர முடியுமான்னு. தரை மேல்பக்கம் 29 டிகிரிக்கு மேல போகக் கூடாதுன்னு ஒரு வரம்பு வச்சிருக்காங்க, காலுக்கு ஆகாது. அந்த வரம்புல ஒரு சதுர மீட்டர் 100 வாட்டு தரும். உன்னுது 67 சதுர மீட்டர், 6,700 வாட்டு. அதுலயும் பாதி எடத்தை மேசை, பலகை அடுக்குன்னு மறைச்சு வச்சிருப்ப. ஆக எத்தனை பெரிய பாய்லரு வாங்குனாலும் உன் தரையால கரை ஏத்த முடியாது. பணம் போட வேண்டிய எடம் பாய்லரு இல்லை. சுவரு, மோட்டுவளை, அந்தப் பெரிய சுருட்டுக் கதவோட இடுக்கு. முதல்ல கொட்டாய்க்குச் சட்டை போடு. லேகிங்காரன் சொல்றேன்.

மாசச் செலவையும் பாத்துடு. அதே கொட்டாய், அதே சந்து. வெளிய பூஜ்யம் டிகிரி, உள்ள 20. அப்ப 4 கிலோவாட்டு இடைவிடாம ஓடணும். 24 மணி நேரத்துக்கு 96 யூனிட்டு. டேய், தமிழ்நாட்டுல வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட்டு இலவசம்னு கொடுக்கறாங்க. நாங்க ரெண்டு கெழடும் அதுக்குள்ளேயே காத்தாடியும் டிவியும் ஓட்டிடறோம். உன் தரை அதை ஒரே நாள்ல தின்னுட்டு ஏப்பம் விடும். அந்த 96 யூனிட்டை நம்ம லிக்னைட்டுல உண்டாக்கணும்னா நாளுக்கு நூறு கிலோ கரி ஆவும், அதுல பாதி ஈரம். சுவருக்குச் சட்டை போட்டுப் பாதியாக் கொறை. இந்தத் தரைக்கு 35, 40 டிகிரித் தண்ணி போதும், கொதிக்க வேண்டியதில்லை. அதனால ஹீட் பம்புன்னு ஒண்ணு இருக்கே, அதுக்குத் தோது. ஒரு யூனிட்டு வாங்கி ரெண்டு மூணு யூனிட்டுச் சூடு கொடுக்கும். கடுங் குளிர்ல சோம்பும், அதுக்கு ஒரு மாத்து வழி வச்சுக்க. உங்க ஊர்ல யூனிட்டு என்ன விலைன்னு உன் பில்லுல இருக்கு, நீயே பெருக்கிக்க. பெருக்கறப்ப உக்காந்துக்க.

நல்லதையும் சொல்லணும்ல. இந்தத் தரைச் சூடு பட்டறைக்கு ஏத்ததுதான், நான் மறுக்கலை. காத்தை ஊதற ஹீட்டரு மரத்தூளைக் கிளப்பி, வார்னிஷ் அடிச்ச பலகை மேல போயி ஒட்ட வைக்கும். இது ஊதாது. கொட்டாய்க்குள்ள தின்னர் டப்பா பக்கத்துல நெருப்பு எரிய வேண்டியதில்லை. பெரிய கதவைத் திறந்து பலகை இறக்கிட்டு மூடுனா, காத்து ஆறியிருக்கும், தரை ஆறியிருக்காது. கொஞ்ச நேரத்துல பழையபடி ஆயிடும். முட்டி வலிக்காரன் நான், சிமிட்டித் தரையில நின்னு வேலை பாக்கற வலி எனக்குத் தெரியும்.

இதையே திருப்பிப் போட்டவனும் இருக்கான். ஐதராபாத்துக்குப் பக்கத்துல போச்சாரத்துல இன்போசிஸ்காரன் 2011ல ஒரு கட்டடத்தைப் பாதி சாதா ஏசியாவும், பாதி சிலாப்புக்குள்ள குழாய் பதிச்சுக் குளுந்த தண்ணி ஓட்டியும் கட்டுனான். குழாய்ப் பாதிக்கு மூணுல ஒரு பங்கு கரண்டு கம்மியாச்சு. சரி, நம்ம நடுவீட்டுலயும் ரெண்டு குடம் விட்டா என்னன்னு எனக்கும் ஆசை வந்துது. கடலூர்ப் புழுக்கத்துக்குத் தரை பானை மாதிரி வேர்த்துக் கொட்டும்னு அத்தை மவ சொல்லிட்டா. ஆசையை அங்கேயே கொன்னுட்டேன்.

இப்ப உன் சமாச்சாரம். நீ வாரத்துல அஞ்சு நாள் ஆபீசு போறவன். சனி, ஞாயிறுதான் உளி எடுக்கற. ரெண்டு நாள் வேலைக்கு 24 டன்னு கல்லை அஞ்சு நாள் சூடா வச்சிருக்கணும். யாருக்கு, எலிக்கா? ரெண்டு நாள்காரனுக்கு ஏத்தது சுவத்துல மாட்டற ஹீட் பம்பு ஏசி, இல்லாட்டி தலைக்கு மேல தொங்கற ஹீட்டரு. போட்டா சுடும், நிறுத்துனா செலவு நிக்கும். இது உனக்கும் தெரியும். தெரிஞ்சும் தரையைப் பேக்கறேன்னா...

ஏண்டா, வேலையை விட்டுட்டு முழு நேரமும் மரவேலைக்கே போறதுன்னு முடிவு பண்ணிட்டியா? உங்கப்பன்கிட்ட இன்னும் சொல்லலை, அதானே? எஸ்டிமேட்டுல மூணு வரி எழுதியிருந்தான் காண்ட்ராக்டரு. நாலாவது வரியை நான் படிச்சுட்டேன்.

பயப்படாத, சொல்ல மாட்டேன். ஆனா அப்படின்னா கணக்கு மாறுது. தினமும் பத்து மணி நேரம் நிக்கறவனுக்கு இந்தத் தரை நல்ல தரை. ஒண்ணு செய். கீழ போறதெல்லாம் இப்பவே போட்டுடு. பலகை, ஓரத்துப் பலகை, ஷீட்டு, பூச்சு உள்ள குழாய். சிலாப்பு ஊத்துன பின்னாடி இதுல எதையும் சொருக முடியாது. குழாய்க்குள்ள தண்ணி விடாம காத்தை அடைச்சு மூடி வை. சுவத்துல மாட்டற சாமானு எங்கயும் ஓடிப் போகாது. பாய்லரோ ஹீட் பம்போ, நீ ராஜினாமாக் கடுதாசி கொடுத்த அப்புறம் வாங்கு. ரெண்டு குளிர்காலம் போயும் கடுதாசி கொடுக்கலைன்னா உனக்கு நட்டம் குழாய்க் காசு மட்டும். பலகை எப்படியும் உதவும். உங்கப்பன் வந்து பாத்தாலும் வெறுஞ் சிலாப்புதான் தெரியும்.

காண்ட்ராக்டர்கிட்ட இந்தக் கடுதாசியைக் காட்டாத. கோபத்துல விலையை ஏத்திடுவான். "ஓரத்துக்கு என்ன பலகை போடறீங்க?"ன்னு அது ஒண்ணை மட்டும் கேட்டுப் பாரு. முகத்தைச் சுளிச்சான்னா வேற ஆளு பாரு. பேனாவை எடுத்தான்னா மனுசன் சுமார்.

இதை முடிக்கையில உங்க பாட்டி பக்கத்துல வந்து உக்காந்தா. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்திருக்கா. "அந்தத் தரை எத்தனை டிகிரிக்கு மேல போவாதுன்னு சொன்னீங்க?"ன்னா. 29ன்னேன். "அதுல வத்தல் காயுமா?"

காயாதுடி, வெதுவெதுன்னு இருக்கும், அவ்வளவுதான்னேன்.

"அப்ப வந்து எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லுங்க, சித்திரையில பிழியறேன்"னு சொல்லிட்டு முறத்தைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா.